காவல் நிலையப் பதிவுகளைத் தர மறுத்தால் எதை, எங்கே, எப்படிக் கேட்பது?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு திருட்டுப் புகார் விசாரணை என்று சொல்லி, இரவு ஒன்பது மணிக்கு என் தம்பியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு விட்டார்கள். உடம்பெல்லாம் காயம். அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் சேர்த்திருந்தோம். அவன்மீது வழக்கு ஏதும் இல்லை என்கிறார்கள். நான் கொடுத்த புகாருக்கு, அது வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அன்றைய சிசிடிவி பதிவு, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, என் புகார்மீது எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை என் பெயரில் ஆர்.டி.ஐ. மனுப் போட்டுக் கேட்டேன். “விசாரணை நிலுவையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)-ன்படி தகவல் வழங்க இயலாது” என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. அது கைக்கு வந்து 11 நாள் ஆகிறது. இதற்குமேல் வழி உண்டா?
- ஒரு வாசகி, தமிழ்நாடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம்; உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. ஆனால் மேல்முறையீட்டை எழுத உட்காருவதற்கு முன்பு, இன்றோ நாளையோ முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கேமரா பதிவு அழியாமல் காக்க வேண்டும். நாட்குறிப்பு காகிதத்திலோ கணினியிலோ இருக்கும், ஆறு மாதம் கழித்தும் கேட்டு வாங்கலாம். வீடியோ அப்படியல்ல. ஸ்டேஷனில் கேமரா காட்சியைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும், பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிக்க வேண்டியதுகூட இல்லை.

பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான உத்தரவு போட்டிருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், வெளியேறும் வழி, லாக்கப், நடைக்கூடம், வரவேற்பறை, ஆய்வாளர் அறை, பின்புறம் என எந்த இடமும் விடுபடாமல் கேமரா இருக்க வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமராக்கள் வேலை செய்வதற்கு அந்த நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. ஆகவே மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவு சட்டப்படி இன்னும் அங்கே இருந்தாக வேண்டும்.

சட்டப்படி இருப்பது வேறு, பெட்டிக்குள் இருப்பது வேறு. 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது இதுதான்: ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி கருவியை அமைத்து வைத்திருந்தார்கள். தந்தையும் மகனும் தாக்கப்பட்ட இரவின் காட்சி அதனால் கிடைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

எனவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நிலையத்தின் பெயர், தேதி, முந்தைய நாள் இரவு 8.30 முதல் மறுநாள் காலை 7.30 வரை என நேரம், எல்லாக் கேமராக்களின் ஒளி, ஒலிப் பதிவு என்று குறிப்பிட்டு, அதைத் தனியே நகலெடுத்து வைக்கவும், மூல ஹார்ட் டிஸ்கை முத்திரையிட்டுப் பாதுகாக்கவும் கோருங்கள். ஏற்கெனவே ஆர்.டி.ஐ.யில் கேட்ட தகவல் இது என்பதையும், அந்த மனுவின் தேதியையும் கட்டாயம் சேருங்கள். காரணம் இருக்கிறது. கேட்கப்பட்ட தகவலை அழித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, அது வராமல் தடுப்பதற்காக அழிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் குற்றம். கடிதத்தில் தம்பியும் நீங்களும் கையெழுத்திடுங்கள். நிலைய ஆய்வாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் போகட்டும். ஆட்சியர் எதற்கு என்று யோசிக்கலாம். காவல் நிலையக் கேமராக்களைக் கண்காணிக்க அந்தத் தீர்ப்பு அமைக்கச் சொன்ன மாவட்டக் குழுவில் அவரும் உறுப்பினர்.

இனி அந்த ஒற்றை வரிப் பதிலுக்கு வருவோம்.

8(1)(எச்) சொல்வது, விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ, வழக்கு நடத்துவதற்கோ “தடையாக அமையக்கூடிய” தகவலைத் தர வேண்டியதில்லை என்று. விசாரணை நடக்கிற காலத்தில் எதையும் தர வேண்டாம் என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் மேல்முறையீடே நிற்கிறது. பகத் சிங் எதிர் தலைமைத் தகவல் ஆணையர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007 டிசம்பரில் இதைத்தான் தீர்த்துச் சொன்னது: விசாரணை நிலுவையில் இருப்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது, தகவலைத் தந்தால் அது எப்படித் தடையாகும் என்பதை அதிகாரி காட்ட வேண்டும், அதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும். வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் தமிழ்நாடு தகவல் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நாடு முழுக்க இந்த வாதத்துக்கு அடித்தளமாக எடுத்துக்காட்டப்படுவது அதுதான், துணிந்து குறிப்பிடுங்கள். மறுப்பு சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுத் தகவல் அலுவலருடையது என்று பிரிவு 19(5)-ம், காரணம், மேல்முறையீட்டுக் காலம், மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றையும் மறுப்புக் கடிதத்தில் தர வேண்டும் என்று பிரிவு 7(8)-ம் சொல்கின்றன. உங்களுக்கு வந்த கடிதத்தில் இவற்றில் எது விடுபட்டிருந்தாலும் அதைத் தனிக் காரணமாக எழுதுங்கள்.

உங்கள் வழக்கில் இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. எந்த விசாரணை நிலுவையில் இருக்கிறது? தம்பிமீது வழக்கு இல்லை என்கிறார்கள். உங்கள் புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. குற்ற எண்ணே இல்லாத விஷயத்தில் புலன்விசாரணை எப்படி நிலுவையில் இருக்கும்? துறைரீதியான விசாரணையும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று அவர்கள் வாதிடக்கூடும். அதை ஏற்ற உத்தரவுகளும் உண்டு. ஆகவே இந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பாமல், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். மேல்முறையீட்டின் காரணப் பகுதி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“பொதுத் தகவல் அலுவலர் எந்தக் குற்ற எண்ணில், எந்தப் பிரிவில், யார் நடத்தும் விசாரணை நிலுவையில் உள்ளது என்பதைக் குறிப்பிடவில்லை. கோரிய ஒவ்வொரு ஆவணமும் அந்த விசாரணைக்கு எவ்வாறு தடையாகும் என்பதையும் விளக்கவில்லை. மூன்று வெவ்வேறு இனங்களுக்கும் ஒரே காரணம் கூறப்பட்டுள்ளது. தர இயலாத பகுதி இருப்பின் பிரிவு 10-ன்படி அதை மறைத்து எஞ்சியதை வழங்கியிருக்க வேண்டும். கோரப்பட்ட தகவல் காவல் நிலையத்தில் ஒருவர் தாக்கப்பட்டது தொடர்பானது என்பதால் பிரிவு 8(2)-ன்படி பொதுநலனும் கருதப்பட்டிருக்க வேண்டும்.”

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. மனு நகல், பதில் நகல், தபால் உறை மூன்றையும் இணையுங்கள். உறைமீதுள்ள தபால் முத்திரைதான் பதில் என்றைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி. பலர் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, காலக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், நீட்டித்தால் அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

இத்துடன் நின்றுவிடாமல், இணையாக ஒரு புதிய மனுவும் போடச் சொல்வேன். அது தம்பியின் பெயரில் இருக்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் பற்றிய வாசகம் இருந்தது. இப்போது “தனிநபர் தகவல்” என்ற ஒரே சொல்லில் மறுக்க முடிகிறது. பொதுநலனைக் காட்டி 8(2)-ன் கீழ் போராடலாம்தான், ஆனால் சுமை கூடிவிட்டது. இது குடிமக்களுக்குப் பெரிய பின்னடைவு என்பதே என் கருத்து. உங்கள் பெயரில் உள்ள மனுவுக்கு நாளை “மூன்றாம் நபர் தகவல்” என்று பதில் வரலாம். தம்பியே தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டால் அந்த மறுப்புக்கு வலுவிருக்காது. காவலர்களின் பெயரைத் தந்தால் அவர்கள் அந்தரங்கம் பாதிக்கும் என்பார்கள். பணியில் இருந்தபோது செய்த பணியின் பதிவு அது, யாருடைய வீட்டு விவகாரமும் அல்ல என்று எழுதுங்கள்.

புதிய மனுவில் “ஏன் அடித்தீர்கள்”, “ஏன் எஃப்.ஐ.ஆர். போடவில்லை” என்றெல்லாம் கேட்க வேண்டாம். பதிவில் இருக்கும் தகவலைத் தருவதுதான் அலுவலரின் கடமை. இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். குறிப்பிட்ட இரண்டு தேதிகளுக்கான பொது நாட்குறிப்பு. தம்பியை அழைக்க அனுப்பிய நோட்டீஸ். அவரை எந்த மனு அல்லது எந்த சி.எஸ்.ஆர். எண்ணில் விசாரித்தார்கள் என்ற பதிவு. காவலுக்கு நின்றவர்கள் பணி மாறியதை எழுதும் பாரா மாற்றப் புத்தகத்தில் அன்றிரவுப் பக்கம். பணி ஒதுக்கீட்டுப் பட்டியல். உங்கள் புகார்மீதான விசாரணை அறிக்கை. நோட்டீஸைக் கேட்பது முக்கியம். சந்தேக நபரை அழைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3), சாட்சியை அழைக்க 179, எதுவானாலும் எழுத்துபூர்வமான அழைப்பு வேண்டும். “நோட்டீஸ் ஏதும் இல்லை” என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்களுக்கு ஆவணம்.

விசாரணை அதிகாரி ஒரு வழக்கின் புலன்விசாரணை பற்றி எழுதும் வழக்கு நாட்குறிப்பை, அதாவது சி.டி. ஃபைலைக் கேட்காதீர்கள். அதே சட்டத்தின் 192-ஆவது பிரிவு அதற்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. ஒரு மனுவில் அதையும் சேர்த்துவிட்டால், மொத்த மனுவையும் மறுக்க அதுவே சாக்காகிவிடும். இரகசியமாகத் தகவல் சொன்னவர் யார் என்று கேட்பதும் அப்படியே, 8(1)(ஜி) குறுக்கே நிற்கும். பொது நாட்குறிப்பு வேறு. நிலையத்துக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன புகார் வந்தது என்று நேரப்படி எழுதப்படுவது அது. அதில் மற்றவர்களின் புகார் விவரம் இருந்தால் அந்த வரிகளைக் கறுப்படித்துவிட்டுத் தரட்டும்.

வீடியோவை நகலாகக் கேட்பதோடு, நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். பிரிவு 2(ஜே) பார்வையிடும் உரிமையையும் மின்னணு வடிவில் பெறும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. அன்றிரவு புகார் கொடுக்க வந்த வேறு பெண்கள், சிறுவர்கள் முகம் அதில் இருக்கலாம் என்று மறுப்பார்கள். முகங்களை மங்கலாக்கித் தரலாம், அல்லது லாக்கப், நடைக்கூடக் கேமராக்களை மட்டும் தரலாம் என்று நீங்களே மாற்று வழி சொல்லிவிடுங்கள். “கேமரா பழுது” என்றோ “பதிவு இல்லை” என்றோ பதில் வந்தால் அங்கே சோர்ந்துவிட வேண்டாம். பழுது எந்தத் தேதியில் யாருக்குத் தெரிவிக்கப்பட்டது, அந்தக் கடித நகல், பழுது நீக்கியவரின் பில், பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது என்ற உத்தரவு, மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். உண்மையிலேயே பழுதானால் காகிதம் இருக்கும். காகிதமே இல்லாத பழுது, அன்றைக்கு மட்டும் வந்த பழுது, இரண்டையும் எந்த ஆணையமும் எளிதில் நம்பாது.

மனுவை மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. ரூ.10-க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்கு ஏ4 பக்கத்துக்கு ரூ.2. முப்பது நாள் தாண்டினால் நகல் இலவசம். “நாங்கள் 24(4)-ன்படி விலக்குப் பெற்ற துறை” என்று பதில் வந்தால் மிரள வேண்டாம். அந்த விலக்கு, அரசு அறிவிக்கை செய்த உளவு, பாதுகாப்புப் பிரிவுகளுக்கானது. சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்குப் பொருந்தாது. விலக்குப் பெற்ற பிரிவும் மனித உரிமை மீறல் பற்றிய தகவலை ஆணையத்தின் ஒப்புதலோடு தந்தாக வேண்டும்.

காவல் துறையிடம் மட்டும் கேட்க வேண்டும் என்றும் இல்லை. தம்பி சேர்க்கப்பட்ட அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல் இருக்கும். எத்தனை மணிக்கு வந்தார், என்னென்ன காயம், யார் எதனால் தாக்கியதாகச் சொன்னார் என்று பணி மருத்துவர் அதில் எழுதியிருப்பார். தம்பி தன் பெயரில் அதையும், உள்நோயாளிக் கேஸ் ஷீட்டையும், காவல் நிலையத்துக்கு மருத்துவமனை அனுப்பிய தகவல் சீட்டின் நகலையும் கேட்கட்டும். அந்தச் சீட்டு நிலையத்துக்குப் போயிருந்தால், அது வந்து சேர்ந்ததும் பொது நாட்குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரம் ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும்.

தம்பிமீது வழக்கு இல்லை என்ற வாய்ச்சொல்லையும் சரிபாருங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு கொடுத்து எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள், இணைய வசதி குறைந்த இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை மட்டும் விலக்கு. சம்பவத்துக்குப் பின் வந்த எஃப்.ஐ.ஆர்.களில் “மற்றும் சிலர்” என்று திறந்து விடப்பட்ட திருட்டு வழக்கு ஏதும் இருந்தால் அதன் குற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதில் தம்பியைச் சேர்க்கும் வாய்ப்பை மறுக்க முடியாது. பின்னால் குற்றப்பத்திரிகை தாக்கலானால் அதன் நகலுக்கு ஆர்.டி.ஐ. வழி இல்லை. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல என்று 2023 ஜனவரியில் சௌரவ் தாஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது; நீதிமன்றத்தில் உள்ள ஆவணங்களை நீதிமன்ற விதிப்படி நகல் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆர்.டி.ஐ. மெதுவான வழி என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் மேல்முறையீடு தோற்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே விசாரணைக்கு வர நீண்ட காலம் ஆகலாம். பலர் இந்தக் கட்டத்தில் பிரிவு 18-ன்கீழ் புகார் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் அபராதம் கிடைக்கலாம், தகவல் கிடைக்காது. தகவலைத் தரச் சொல்லும் அதிகாரம் 19-ஆவது பிரிவில்தான் இருக்கிறது என்று மணிப்பூர் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே 19(3) என்று தலைப்பிட்டே அனுப்புங்கள். காவல் நிலையத்தில் தாக்குதல், வீடியோ அழியும் அபாயம் என்பதைக் காட்டி முன்னுரிமையும் கேளுங்கள்.

வீடியோவை விரைவாக வரவழைக்கும் வழி மாநில மனித உரிமை ஆணையம். காவல் நிலையத்தில் தாக்கப்பட்டதாகப் புகார் வந்தால் ஆணையம் கேமரா பதிவை உடனே கேட்டுப் பெறலாம் என்று சைனி தீர்ப்பே சொல்கிறது. கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். உங்களுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது, ஒன்பது நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இதற்கிடையே எஃப்.ஐ.ஆர். போடாததை எழுதி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4)-ன்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். பிறகு நீதித்துறை நடுவரிடம் போக அது அவசியப் படி. அங்கே அதே சட்டத்தின் பிரிவு 94-ன்கீழ் வீடியோவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட முடியும். வழக்கில் சாட்சியமாக்க அதுவே நல்ல வழியும்கூட. மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-ன்படி, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துக் குறியீடு) கூடிய சான்றிதழ் வேண்டும். ஆர்.டி.ஐ.யில் பென்டிரைவில் வாங்கிய நகலுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. மனுப் போட்டபின் “ஸ்டேஷனுக்கு வந்து பேசிவிட்டுப் போங்கள்” என்று போன் வரலாம், வீட்டுக்கே ஆள் வரலாம். தகவல் கேட்டவர் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மேல்முறையீட்டு விசாரணைக்கு அழைத்தால், அது மேல்முறையீட்டு அலுவலரின் அலுவலகத்தில், எழுத்துபூர்வமான அழைப்பின் பேரில் மட்டும். துணைக்கு ஒருவரோடு போங்கள். மனுவைத் திரும்பப் பெறுவதாக வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வந்தவர் பெயர், எண், தேதி, நேரம் குறித்து அன்றே கண்காணிப்பாளருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் தபால் போட்டு, ரசீதை மற்ற காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.